மருந்தை நிறுத்தச் சொன்ன மைக்கிலேயே திருத்தமும் வேண்டும்

திருநெல்வேலிச் சீமையின் பேராயர்களுக்கும், சேகரங்களின் (ஊர்ச் சபைகள் சில சேர்ந்த தொகுதிகளின்) குருவானவர்களுக்கும், கன்வென்ஷன் கமிட்டியாருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாமாரே, ஸ்தோத்திரம்.

பந்தல் போட்டுப் பல இரவு நடக்கும் நற்செய்திக் கூட்டமான கன்வென்ஷனில், கடந்த முறை இரண்டாம் இரவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். விசுவாசம் உள்ளவர்கள் மாத்திரையைக் கொண்டுவந்து மேடையில் போடுங்கள் என்று பிரசங்கியார் அழைத்தார். ஜனங்கள் எழுந்து வந்தார்கள். மாத்திரை அட்டைகளும் இன்சுலின் பாட்டில்களும் மேடை விளிம்பில் குவிந்தன. அங்கி அணிந்த குருமார் அந்த மேடையிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தீர்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஊரையும் பிரசங்கியார் பெயரையும் நாங்கள் இங்கே எழுதவில்லை. அந்த ஓர் ஊரோடும் ஒரு பிரசங்கியாரோடும் முடிகிற காரியம் அல்ல இது.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்று. எந்த மைக்கில் தவறான போதனை சொல்லப்பட்டதோ, அதே மைக்கில், அதே இரவில், ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே சபைக் குரு ஒருவர் எழுந்து அதைத் திருத்த வேண்டும். கூட்டம் முடிந்தபின் கோயிலின் வெஸ்ட்ரி அறையில் காப்பி குடித்துக்கொண்டு, "ஐயா, கொஞ்சம் பார்த்துப் பேசியிருக்கலாம்" என்று பிரசங்கியார் காதில் சொல்வது திருத்தம் ஆகாது. ஆயிரம் பேர் கேட்ட சொல்லுக்கு ஆயிரம் பேர் கேட்கவே மறுப்பு வர வேண்டும்.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கமிட்டியார் அறிந்திருப்பது நல்லது. சிறு வயதிலேயே சர்க்கரை வந்து, இன்சுலினை மட்டுமே நம்பி வாழும் பிள்ளைக்கு ஓரிரு நாள் ஊசி தவறினாலே போதும். முதலில் தாகம், அடிக்கடி சிறுநீர். பிறகு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல், பழவாடை வீசும் மூச்சு. அப்புறம் நினைவு தப்பும். இரத்தத்தில் அமிலம் ஏறிவிடுவதுதான் காரணம். வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்னால். சட்டென்று விட்டால் விடாமல் வலிப்பு வந்து உயிரே போகலாம். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதத்திலேயே இருமல் அடங்கி உடம்பு தேறிவிடும். "சுகம் கிடைத்துவிட்டது" என்று சாட்சி சொல்லத் தோன்றுவது அப்போதுதான். அங்கே நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பலாம். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அதுவே தொற்றும். இரத்தக் கொதிப்புக்கோ பெரும்பாலும் வலியே கிடையாது. மாத்திரையை விட்டவர் பல நாள் சுகமாகவே நடமாடுவார். பிறகு ஒருநாள் கை கால் இழுத்துக்கொள்ளும். அதற்குள் கன்வென்ஷன் பந்தலைப் பிரித்து ஏற்றிப்போயிருப்பார்கள்.

அந்த இரவின் சாட்சிகள் மெய் போலத் தெரிவதற்கும் காரணம் உண்டு. பாட்டும் கைதட்டலும் உணர்ச்சியும் பொங்கும்போது மூட்டுவலி, முதுகுவலி சற்றுநேரம் தெரியாது. ஆகவே குனிந்து நிமிர்ந்து காட்டுகிறார்கள். மேடைப் படியருகே நிற்கும் ஊழியர்கள் முதலில் விசாரித்து, இப்படிப்பட்டவர்களையே மேலே அனுப்புகிறார்கள். கட்டி கரையாதவரும் கண் திறவாதவரும் படியேறுவதில்லை. "இந்தப் பந்தலில் முதுகுவலியோடு ஒரு சகோதரி இருக்கிறீர்கள்" என்று சொல்ல வெளிப்பாடு தேவையா? பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த நம் ஊர்க் கூட்டத்தில் முதுகுவலி இல்லாத வரிசை ஏது? 1986-ல் அமெரிக்காவில் பீட்டர் பாப்பாஃப் என்ற பிரசங்கியார், முன்பின் அறியாதவர்களின் பெயரையும் நோயையும் "வெளிப்பாடாக" அறிவித்துவந்தார். அவர் மனைவி ஜெப அட்டைகளைப் பார்த்து 39.17 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் காதுக்கருவிக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சோதித்தவர்கள் பதிவு செய்து வெளியிட்டார்கள். எல்லாரும் அப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. சோதிக்காமல் மேடையை ஒப்புக்கொடுக்காதீர்கள் என்கிறோம்.

வேதம் சோதனைக்கு அஞ்சுவதே இல்லை. குஷ்டரோகியைச் சொஸ்தமாக்கிய ஆண்டவர், ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி என்றார். லேவியராகமம் 14-ஆம் அதிகாரப்படி ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து பார்க்க வேண்டும். சுத்தமானவன் என்று சொன்ன பிறகும் அந்த மனிதன் 7 நாள் தன் கூடாரத்துக்குப் புறம்பே தங்க வேண்டும். நம் மேடையில் சாட்சிக்கு 7 நிமிடம்கூடக் காத்திருப்பதில்லை.

சுகம் வராதபோது, "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று நோயாளியின் தலையில் பழி விழுகிறது. எங்களுக்கு மிகவும் நோகிற இடம் இது. யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வியாதிப்பட்டவன் செய்ய வேண்டியது சபையின் மூப்பர்களை வரவழைப்பது மட்டுமே. எண்ணெய் பூசுகிறவர்கள் அவர்கள், ஜெபிக்கிறவர்களும் அவர்கள். "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்னும்போது அங்கே கேட்கப்படும் விசுவாசம் ஜெபிக்கிற மூப்பர்களுடையது. பாயில் கிடப்பவனிடம் யாக்கோபு விசுவாசக் கணக்குக் கேட்கவில்லை. எண்ணெய்க்கு விலையும் வைக்கவில்லை. தீமோத்தேயுவின் வயிற்று நோவுக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். துரோப்பீமுவை அவர் வியாதிப்பட்டவனாகவே மிலேத்துவில் விட்டுவந்தார். அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லத் துணிகிறவர் யார்?

மேடையில் மருந்தை நிறுத்தச் சொல்வது வெறும் அறியாமை அல்ல, தேவதூஷணம் (தேவனை நிந்திப்பது) என்கிறோம். யோசித்தே இந்தச் சொல்லை எழுதுகிறோம். கர்த்தர் சொல்லாததை "கர்த்தர் சொல்லுகிறார்" என்று சொல்வது அவருடைய நாமத்தை வீணிலே வழங்குவது. ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகையில் (உச்சியில்) நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று சங்கீத வசனத்தைக் காட்டியவன் பிசாசு. தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்பது ஆண்டவர் கொடுத்த பதில். இன்சுலினை எறி, தேவன் தாங்குவார் என்பது அதே உப்பரிகைப் பேச்சு. அது நம் மேடையில் பேசப்படுகிறது.

இதைக் கேட்டவுடன், "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற வசனத்தை எங்கள்மேல் வீசுவீர்கள். சங்கீதம் 105-ஐ முழுவதும் வாசியுங்கள். சொந்த நிலமில்லாமல் ஊர் ஊராய்த் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்காக ராஜாக்களைக் கடிந்து சொன்ன வார்த்தை அது. பலமற்றவரைப் பலவானிடமிருந்து காக்க வந்த வசனத்தை, பிரசங்கியாரைச் சபையாரிடமிருந்து காக்கத் திருப்பிவிட்டோம்.

வெளியரங்கமாகத் திருத்துவதற்கு முன்மாதிரி வேண்டுமானால், அந்தியோகியாவில் பவுல் பேதுருவைத் திருத்திப் பேசியது எல்லாருக்கும் முன்பாக. பாபிலோன் ராஜாவின் நுகம் 2 வருஷத்தில் முறியும் என்று அனனியா ஆலயத்தில் சொன்னபோது, ஆசாரியரும் ஜனங்களும் நிற்க அங்கேயே பதில் சொன்னார் எரேமியா. முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். பிறகு, சொன்னது நடக்கும்போதே தீர்க்கதரிசி யார் என்று தெரியும் என்றார். மரியாதை குறையாமலே திருத்தலாம்.

இந்தச் சீமைக்கு உபதேசம் அந்நியமும் அல்ல. கிறிஸ்தவரான குளோரிந்தா அம்மையார் 1785-ல் பாளையங்கோட்டையில் கட்டிய சிற்றாலயமும், 1820-ல் வந்த மிஷனரி ரேனியஸ் ஊர் ஊராக அமர்த்திய உபதேசியார்களும் (குருப்பட்டம் இல்லாமல் சபையில் போதிப்பவர்கள்), பள்ளிகளும் நமக்கு அடித்தளம். காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி கட்டியவர்கள், உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று அந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்தவில்லை. நம் மிஷனரிகள் கொண்டுவந்த 1662-ஆம் ஆண்டின் ஜெபபுத்தகத்தில், குருப்பட்டம் பெறுகிறவரிடம் பேராயர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தேவ வசனத்துக்கு மாறான அந்நிய உபதேசங்களை விரட்ட ஆயத்தமா? அதற்கு அவர் சபைக்கு முன்பாகவே பதில் சொல்கிறார்.

ஆனால் இன்று எதற்கு நேரம் இருக்கிறது? சேகரத் தேர்தல் வந்தால் இரவெல்லாம் வண்டி ஓடுகிறது. பள்ளி நியமனத்துக்குச் சிபாரிசு தேடி அலைய ஆள் இருக்கிறது. சொத்து வழக்குக்கு வக்கீல் இருக்கிறார், நிலைக்குழு இருக்கிறது. மேடையில் என்ன போதிக்கப்படுகிறது என்று பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்து கேட்க மட்டும் ஒருவர் இல்லை. பிரசங்கியாரைத் திருத்தினால் மூன்றாம் நாள் காணிக்கை குறையும், பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுக்கப் பணம் இராது என்ற பயம் கமிட்டியில் இருப்பதை நாங்கள் அறிவோம். பந்தல் கூலிக்காக ஒரு பிள்ளையின் ஊசியை விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

மன்னியுங்கள் ஐயா, தேர்தலைப் பற்றிப் பேச வரவில்லை. கேட்க வந்ததற்குத் திரும்புகிறோம்.

அழைப்புக் கடிதத்திலேயே, மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது, மீறினால் மேடையிலேயே திருத்தப்படும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு குருவானவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள்; செய்தி முழுவதையும் அவர் குறிப்பெடுக்கட்டும். ஆசீர்வாதத்துக்கு முந்தைய 5 நிமிடம் அவருடையதாகட்டும். அவர் வாசிக்க இது போதும்: "இன்று இந்த மேடையில் மருந்தை நிறுத்தும்படி சொல்லப்பட்டது. அது சபையின் போதனை அல்ல. யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே நிறுத்தியவர்கள் உடனே மருத்துவரைப் பாருங்கள். விட்டுப்போன அளவைச் சேர்த்து உட்கொள்ளாதீர்கள். இன்சுலினை நிறுத்தியவர்கள் விடியும்வரை காத்திராமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்." அன்றிரவு தவறினால், மறுநாள் கூட்டத்தின் முதல் வார்த்தை அதுவாகட்டும், ஞாயிறு ஆராதனை அறிவிப்பிலும் சேகரத்தின் எல்லாக் கோயில்களிலும் வாசிக்கப்படட்டும். யூடியூப்பில் கிடக்கும் அந்தப் பேச்சுப் பகுதியை எடுத்துவிடுங்கள். தேதி குறித்துச் சொல்லப்படும் தீர்க்கதரிசனத்தை நோட்டில் எழுதி, அந்தத் தேதி கடந்ததும் சபையில் வாசியுங்கள். சொன்னது நிறைவேறாத பிரசங்கியாரை மறுபடி அழைக்காதீர்கள். உபாகமம் 18 சொல்வது அதுதான். நோயின் பெயரைப் போட்டு எண்ணெய் விற்கும் சுவரொட்டியை ஒட்டுமுன், அற்புத நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சபை வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுக்கும்படி தாழ்மையாய் வேண்டுகிறோம். அந்த இரவில் மேடைக்கு மருந்தைக் கொண்டுவந்தவர்கள் எந்தெந்தத் தெரு என்று சபை ஊழியர்களுக்குத் தெரியும். கமிட்டி கூடும்வரை அவர்களைக் காக்க வைக்க வேண்டாம். இந்த வாரமே உபதேசியார்களை வீடு வீடாக அனுப்புங்கள்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
சேகரங்களைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உபதேசியார்கள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள்
திருநெல்வேலிச் சீமை