பாடக்குறிப்பு எந்த மொழியில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் நான். என் மகள் பல்கலைக்கழகக் கல்வியியல் துறை ஒன்றில் பி.எட். படிக்கிறாள். பன்முகத்தன்மை பற்றி அங்கே கருத்தரங்கு நடந்தது, பேனரும் கட்டினார்கள். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் தமிழ் வழிப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போனவளின் பாடக்குறிப்பைப் பார்க்க வந்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மலையாளத்தில் இன்னொரு பிரதி எழுதித் தரச் சொன்னார். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை எழுத்து வேலை! கூடப் படிப்பவர்களுக்கு அந்தச் சுமை இல்லை.

தொடக்கக் கல்வியைச் சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. 1956-லேயே சேர்த்தது. எங்கள் பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கி மாவட்டத் தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்க் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் இந்தத் துறைகளிலிருந்துதானே வரவேண்டும்?

அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு. இடம் கொடுத்தார்கள். வகுப்பு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் தோழியை என் மகளும் மற்றவர்களும் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள்.

வகுப்பைக் கீழே மாற்றப் பணம் தேவையில்லை. தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளரைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து அழைக்கலாம். வரும் பருவத்துக்குள் இந்த இரண்டையும் துறைத் தலைவர்கள் செய்வார்களா?

– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்