விட்டுப்போன சரணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்குத் தலை நிறையச் சுருட்டை முடி என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் எனக்கு ஒரு பாட்டு நினைவுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் தெருத்தெருவாக நாம் பாடினோமே, 'ஒப்பில்லா திரு இரா', ஆங்கிலத்தில் 'சைலன்ட் நைட்', அதேதான்.

அதன் ஜெர்மன் மூலத்தில் முன்னணையில் கிடக்கும் பாலகனுக்குச் சுருட்டை முடி! ஆங்கிலத்துக்குப் போனபோது அந்த முடி காணாமல் போய்விட்டது. தமிழிலோ 'அமைதியான இரவு' என்ற தொடக்கமே மாறி, 'ஒப்பில்லா' என்று நிற்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மெட்டில் உட்காரும் சொல்லைத் தேடுவது எத்தனை கடினம் என்பது உனக்குத் தெரியும்.

பாட்டை எழுதியவர் ஜோசப் மோர். 1816-இல், ஆஸ்திரியாவின் மரியாப்ஃபார் என்ற மலையூரில் துணைக்குருவாக இருந்தபோது எழுதினார். பிறகு ஓபர்ன்டார்ஃபுக்கு மாற்றலாகி வந்து, 1818 டிசம்பர் 24 அன்று, அங்கே ஆர்கன் வாசித்த பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் கிரூபரிடம் அதைக் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கிட்டாருக்கும் பொருந்த மெட்டமைக்கச் சொன்னார். அன்று இரவே இருவரும் பாடிவிட்டார்கள். எலி கடித்து ஆர்கன் கெட்டதால்தான் கிட்டார் வந்தது என்ற கதை பின்னால் ஒட்டிக்கொண்டது. 1854-இல் கிரூபர் தம் கையால் எழுதிய விவரத்தில் எலியும் இல்லை, பழுதும் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. மோர் எழுதியவை ஆறு சரணங்கள். இன்று பெரும்பாலும் மூன்றைத்தான் பாடுகிறார்கள். விடப்பட்டவற்றில் நான்காவது, இயேசு உலகத்து மக்களினங்களை எல்லாம் ஒரு சகோதரனாக அணைத்துக்கொண்டார் என்கிறது. எழுதிய காலத்தைப் பார். நெப்போலியன் போர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. அதே 1816-இல் சால்சாக் ஆற்றில் புது எல்லை விழுந்து, ஒரே ஊராக இருந்த லாஃபன் அக்கரையில் பவேரியாவோடு நின்றுவிட, ஓபர்ன்டார்ஃப் இக்கரையில் ஆஸ்திரியாவோடு சேர்ந்தது. ஆற்றில் உப்புப் படகு ஓட்டிப் பிழைத்த அந்த மக்கள் நடுவில் நின்று 'சகோதரன்' என்று பாடியிருக்கிறார்கள். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. தொட்டிலும் தூக்கமும் மட்டும் நமக்கு வந்துசேர, இந்தச் சரணம் வழியிலேயே தங்கிவிட்டதே என்ற ஆற்றாமை.

அதனால் ஒன்று கேட்கிறேன். நம் இருவரில் பாட்டுக் கட்டத் தெரிந்தவன் நீ. அந்த நான்காம் சரணத்தை நம் மெட்டுக்குள் அடங்கும்படி தமிழில் எழுதித் தா. 'சகோதரன்' நீளம் என்றால் 'அண்ணன்' என்று போடு, எனக்குச் சம்மதம். 20-ஆம் தேதிக்குள் வந்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, இந்த வருடமே பாட வைத்துவிடுவேன்.

முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பேரனுக்கு என் முத்தங்கள்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தாழ்குரல் தோழன்