அந்தச் சாம்பல் நிற முகம்

ஆசிரியருக்கு வணக்கம்,

சென்ற இதழின் ஓவியக் கட்டுரையில் மிஷெல் ஒபாமாவின் உருவப்படத்தை ‘முகச்சாயலே இல்லை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 2018இல் அந்தப் படம் வாஷிங்டனின் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் திறந்துவைக்கப்பட்டபோதும் பலர் இதையேதான் சொன்னார்கள், ஆனால் அதை வரைந்த ஏமி ஷெரால்டின் மற்ற படங்களையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வராது.

அவர் வரைவது பெரும்பாலும் சாதாரணக் கறுப்பின மக்களை. ஆனால் எல்லோருடைய தோலும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். நிறத்தை வைத்தே ஆளை எடைபோட்டுப் பழகிய கண் அங்கே கொஞ்சம் தடுமாறி, அப்புறம்தான் படத்தில் இருப்பவர் நிற்கும் தோரணையையும் பார்வையையும் கவனிக்கிறது. முகத்தில் குறைத்த நிறத்தையெல்லாம் உடுப்புக்கும் பின்னணிக்கும் கொடுத்துவிடுவார். மிஷெலின் கவுனையே பாருங்கள், அலபாமாவின் ஜீஸ் பெண்ட் பகுதிக் கறுப்பினப் பெண்கள் துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைகளை அதன் கட்டங்கள் தமக்கு நினைவூட்டியதாக ஷெரால்டே சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்துக்கு அவர் சுலபமாக வந்துவிடவில்லை. 1973இல் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸில் பிறந்தவர், முப்பது வயதிலேயே இதயம் பழுதென்று தெரிந்தது, முப்பதுகளின் கடைசிவரை உணவகத்தில் பரிமாறிக்கொண்டே வரைந்தார், 2012இல் மாற்று இதயம் பொருத்தினார்கள். 2016இல் தேசிய உருவப்பட அருங்காட்சியகப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

என்னை மிகவும் உலுக்கியது பிரியானா டெய்லரின் படம். 2020இல் லூயிவில் நகரில் சொந்த வீட்டிலேயே போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 26 வயதுப் பெண். எதிரில் உட்காரவைத்து வரைய ஆள் இல்லை, அதனால் புகைப்படங்களையும் அவரைப் போன்ற உடல்வாகுள்ள இன்னொரு பெண்ணையும் வைத்து வரைந்தார். நீலப்பச்சை உடை, அதே நிறத்தில் பின்னணி, விரலில் ஒரு மோதிரம். காதலர் அவருக்குப் போட நினைத்திருந்த நிச்சயதார்த்த மோதிரம் அது, உயிரோடு இருந்தபோது அவர் கைக்கு வரவேயில்லை. இதைவிடவா ஒரு யதார்த்த ஓவியம் வேண்டும்?

2025இல் ஷெரால்ட், சுதந்திர தேவியைத் திருநங்கையாகக் காட்டும் தம் படத்தைப் பற்றி அதே வாஷிங்டன் அருங்காட்சியகம் தயங்கியதால், அங்கே நடக்கவிருந்த தம் கண்காட்சியையே விலக்கிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று. மிஷெலின் படத்தை நீங்கள் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டிருந்தீர்கள். முகம் மட்டும் சாம்பலாக, மற்றதெல்லாம் நிறமாக இருப்பது வாசகருக்கு எப்படித் தெரியும்? அடுத்த இதழில் வண்ணத்தில், முழுப் பக்கத்தில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகி