ஒரு லெட்டர் போட 12 வருஷம்

டேய் மாப்ள,

எப்படி இருக்க? கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு தங்கச்சி போன்ல சொல்லுச்சு, கொஞ்ச நாளைக்கு டிவி, செல்போன் எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே, அதனால இத உன் பேத்திய விட்டு படிக்கச் சொல்லு, நீ சும்மா கண்ண மூடிக்கிட்டு கேளு. நடுவுல ஒரு இடத்துல அடிதடி வரும், அத மட்டும் பொண்ணு படிக்க வேணாம், தாண்டிரச் சொல்லு.

நான் இங்க பையன் வீட்டுல தான். நியூயார்க்னு சொன்னதும் நீ அந்த பெரிய பில்டிங்க எல்லாம் நெனச்சுக்காத, அது இங்கருந்து மூணு மணி நேரம். இது ஆல்பனி பக்கம், மார்ச் கடைசி ஆகியும் வீட்டு ஓரமெல்லாம் அழுக்குப் பனி குமிஞ்சு கெடக்கு, வெளிய கால் வைக்க முடியல. பையனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவாங்க, பேரன் ஸ்கூலுக்கு. பகல் பூரா நானும் டிவியும் தான். அப்படி ஒரு நாள் போட்டுப் பாத்த படம் தான் "12 இயர்ஸ் எ ஸ்லேவ்". 2013ல வந்தது, ஸ்டீவ் மெக்வீன்னு ஒருத்தர் டைரக்ட் பண்ணது, சிறந்த படத்துக்கு ஆஸ்கர் கூட வாங்கிச்சு. நான் தான் லேட்டு.

உனக்கு எதுக்கு இத சொல்றேன்னா, எல்லாரும் இத அடிமைத்தனத்தப் பத்தின படம்னு சொல்றாங்க, அது சரி தான், ஆனா எனக்குப் பாத்து முடிச்சப்ப உன் ஞாபகம் தான்டா வந்துச்சு. முப்பத்தஞ்சு வருஷம் ஆர்.எம்.எஸ்ல, அதான் ரயில் தபால்ல, ராத்திரி வண்டில நின்னுக்கிட்டே லெட்டர் சார்ட்டிங் பண்ணவன் நீ. இது ஒரு லெட்டர் போய்ச் சேராத கதைடா.

கதை நெசமா நடந்தது. சாலமன் நார்த்தப்னு ஒரு கறுப்பர், நியூயார்க் மாநிலத்துலயே சுதந்திர மனுஷனா பொறந்தவர், எழுதப் படிக்கத் தெரியும், வயலின் நல்லா வாசிப்பார். பொண்டாட்டி ஆன், ஹோட்டல்ல சமையல் வேலை, கை தேர்ந்த சமையல்காரம்மா. மூணு பிள்ளைங்க. சரடோகா ஸ்ப்ரிங்ஸ்னு ஒரு ஊர்ல குடும்பம். 1841 மார்ச் கடைசில அந்தம்மா வேற ஊருக்கு சமையல் வேலையா போயிருக்கு, அப்ப ரெண்டு பேரு வந்து நாங்க சர்க்கஸ் கம்பெனி ஆளுங்க, வயலின் வாசிக்க ஆள் வேணும், நல்ல சம்பளம் தரோம்னு கூப்பிட்டானுங்க. இவரும் கெளம்பிட்டாரு. கெளம்புறப்ப பொண்டாட்டிக்கு ஒரு வரி எழுதி வெக்கல. சீக்கிரம் வந்துருவோம்ல, எதுக்குன்னு நெனச்சாராம், அவரே பின்னாடி தன் கதைய எழுதுன புஸ்தகத்துல சொல்லிருக்காரு, அதுல இருந்து தான் இந்தப் படம். அந்த இடத்துல நான் புஸ்தகத்த மூடி வச்சுட்டேன் மாப்ள. பேப்பரும் பேனாவும் கைல இருந்தப்ப எழுதல. அதுக்கப்புறம் எழுதணும்னு நெனச்சப்ப எல்லாம் ரெண்டும் கெடைக்கல.

வாஷிங்டன் வரைக்கும் கூட்டிட்டுப் போய், அந்த ரெண்டு பேரும் சரக்கு வாங்கிக் குடுத்து அதுல என்னத்தையோ கலந்துட்டானுங்க போல. அது அமெரிக்க ஜனாதிபதி ஹாரிசன் செத்து ஊர்வலம் நடந்த நாளு, ஊரெல்லாம் கூட்டம். முழிச்சுப் பாத்தா இருட்டு ரூம், கை கால்ல சங்கிலி. நான் சுதந்திர ஆளுன்னு சொல்ற பேப்பர் பாக்கெட்ல இருந்தது, காணோம். நான் அடிமை இல்லன்னு சொல்லச் சொல்ல அடி. அந்த எடம் எங்க இருந்துச்சு தெரியுமா, அவங்க பார்லிமெண்ட் கட்டடம் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல. படத்துலயும் காமிக்கிறாங்க, அவரு ஜன்னல் கம்பிய புடிச்சுக்கிட்டு கத்துவாரு, கேமரா அப்படியே மேல ஏறிப் போகும், கூரைங்களுக்கு அந்தப் பக்கம் அந்தக் கட்டடம்.

ஏன் இப்படி ஆளக் கடத்துறானுங்கன்னு மொதல்ல எனக்குப் புரியல. அப்புறம் தேடிப் படிச்சேன். 1808ல வெளிநாட்டுல இருந்து அடிமைங்கள இறக்குமதி பண்றத சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. ஆனா தெக்க பருத்தி விவசாயம் ஏறிக்கிட்டே போகுது, ஆள் தேவை நிக்கல. அப்ப உள்ளூர்ல இருக்குற ஆளுக்கு வெல ஏறிடும்ல. சாலமன நியூ ஆர்லியன்ஸ்ல 1000 டாலருக்கு வித்தானுங்க. பேரையும் மாத்தி பிளாட்னு வச்சுட்டானுங்க. இந்தப் பேர் மாத்துன விஷயத்த ஞாபகம் வச்சுக்க, பின்னாடி வருது.

இப்ப லெட்டர் கதைக்கு வரேன். படத்துல இல்லாத ஒண்ணு புஸ்தகத்துல இருக்கு. கப்பல்ல கொண்டு போறப்பவே ஜான் மேனிங்னு ஒரு இங்கிலீஷ்கார மாலுமி இவர் மேல பரிதாபப்பட்டு ராத்திரில பேப்பரும் பேனாவும் கொண்டாந்து குடுத்து, இவர் எழுதி, அத அந்தாளு நியூ ஆர்லியன்ஸ்ல தபால்ல சேத்துட்டான். அது போயும் சேந்துருச்சுடா! ஹென்றி நார்த்தப்னு ஊர்ல ஒரு வெள்ளைக்கார வக்கீல், சாலமனோட அப்பாவ ஒரு காலத்துல அடிமையா வச்சிருந்த குடும்பத்து ஆளு, அதான் ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேரு, அவர் கைக்கே போச்சு. ஆனா என்ன பிரயோஜனம், என்னைய எங்க கொண்டு போறாங்கன்னு எனக்கே தெரியலன்னு தான் அதுல எழுதிருக்காரு. அனுப்புனர் முகவரி இல்ல. எங்கன்னு போய்த் தேடுறது, அப்படியே கெடப்புல போட்டாச்சு.

அப்புறம் ஒம்பது வருஷத்துக்கு மேல ஒண்ணும் நடக்கல. கடைசியா வாங்குன எட்வின் எப்ஸ்ங்கிறவன் ஆரம்பத்துலயே கேட்டானாம் உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமான்னு. கொஞ்சம் தெரியும்னு சொன்னதுக்கு, பேனா மை கையில பாத்தேன்னா நூறு அடின்னு சொல்லிட்டான். இது உனக்குன்னு எழுதுறேன் கேளு: அடிமை ஒருத்தன் லெட்டர் கொண்டாந்து குடுத்தா முதலாளி எழுத்து மூலமா அனுமதி குடுக்காம போஸ்ட்மாஸ்டர் வாங்க மாட்டாராம். தோட்டத்த விட்டு வெளிய வரவே பாஸ் வேணும். எவ்வளவு பக்காவா அடைச்சு வச்சிருக்கானுங்க பாரு.

ஒரு தடவ எப்ஸ் பொண்டாட்டி கடைக்கு அனுப்புனப்ப வாங்கிட்டு வந்த பேப்பர்ல ஒரே ஒரு தாள உருவி, தான் படுக்குற பலகைக்கு அடில ஒளிச்சு வச்சு, மரப்பட்டைய வேக வச்சு மை பண்ணி, வாத்து இறகுல பேனா சீவி, எல்லாரும் தூங்குனதுக்கு அப்புறம் அடுப்புத் தணல் வெளிச்சத்துல எழுதிருக்காரு. எழுதியாச்சு, யார்கிட்ட குடுக்குறது? ஆம்ஸ்பின்னு ஒரு வெள்ளக்காரன், குடிச்சு அழிஞ்சு கூலிக்கு வேலை பாக்க வந்தவன், அவன நம்பி வாயத் தொறந்தாரு. அவன் நேரா எப்ஸ்கிட்ட போயி சொல்லிட்டான். இவரு எப்படியோ பேசித் தப்பிச்சு, அந்த லெட்டர நெருப்புல போட்டுட்டாரு. படத்துல இந்த சீன பாக்கணும் நீ. இருட்டுல அந்தக் காகிதம் சுருண்டு எரிஞ்சு ஓரத்துல செவப்பு கோடா மின்னி, புழு நெளியுற மாதிரி நெளிஞ்சு அணையும், கேமரா நகராது, மியூசிக்கும் பெருசா இல்ல. நான் எத்தனையோ அழுவாச்சி படம் பாத்துருக்கேன், ஒரு பேப்பர் எரியுறதுக்கு தொண்ட அடைச்சது இப்பத் தான்.

இன்னொரு சீனும் சொல்லணும். ஒரு தச்சன் இவர தூக்குல போடப் பாப்பான், பாதில தடுத்துருவாங்க, ஆனா கயித்த அவுக்க மாட்டாங்க, முதலாளி வரட்டும்னு. கழுத்துல கயிறு, கால் கட்டை விரல் மட்டும் சேத்துல ஊணிக்கிட்டு நிக்கிறாரு. பின்னாடி மத்த அடிமைங்க வந்து அவங்கவங்க வேலைய பாக்குறாங்க, குழந்தைங்க வெளையாடுது. ஒரு பொண்ணு மட்டும் பயந்துக்கிட்டே வந்து தண்ணி குடுத்துட்டு ஓடிருது. அவ்வளவு நேரம் காமிக்கிறான் மாப்ள, முடிச்சுத் தொலைங்கடான்னு இருந்துச்சு எனக்கு.

சவுக்கடி சீன நான் சொல்லப் போறதில்ல. (பாப்பா, இந்தப் பத்திய தாண்டிரு.) பாட்ஸின்னு ஒரு பொண்ணு, ஒரு நாளைக்கு 500 பவுண்டு பருத்தி எடுப்பா, மத்தவங்களுக்கெல்லாம் கணக்கு 200 பவுண்டு தான், சாயங்காலம் எடை போட்டு கொறைஞ்சா அடி. அந்தப் பொண்ணு குளிக்க சோப்பு வாங்கப் பக்கத்து தோட்டத்துக்குப் போனதுக்கு, சாலமன் கையிலயே சவுக்க குடுத்து அடிக்க வச்சானுங்க. லுபிடா நியாங்கோன்னு அந்தப் பொண்ணா நடிச்சவங்களுக்கு ஆஸ்கர் குடுத்தாங்க. குடுக்கலன்னா தான் அநியாயம். படத்துல பாட்ஸி ஒரு ராத்திரி சாலமன்கிட்ட என்ன கொன்னுடுன்னு கெஞ்சுவா. புஸ்தகத்துல வேற மாதிரி, எப்ஸ் பொண்டாட்டி தான் பொறாமைல சாலமனுக்கு லஞ்சம் தரேன், இவள கொன்னு சதுப்புக்காட்டு ஓரமா பொதைச்சுடுன்னு கேட்டாளாம். எனக்கு புஸ்தகத்துல உள்ளது தான் இன்னும் பயங்கரமா பட்டுச்சு.

சரி, மூணாவது லெட்டர். 1852ல பாஸ்னு ஒரு கனடாக்காரர், தச்சு வேலைக்கு வந்தவர், எப்ஸ் மூஞ்சிக்கு நேராவே அடிமை வச்சிருக்குறது தப்புன்னு வாதம் பண்ற ஆளு. படத்துல பிராட் பிட், படத்தோட தயாரிப்பாளர்ல ஒருத்தரும் அவரே தான், நல்லவன் வேஷத்த தனக்கு எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டேன். பாஸ் ஒண்ணுக்கு மூணா லெட்டர் எழுதி மார்க்ஸ்வில்ங்கிற ஊர்ல தபால்ல போட்டாரு. ஆகஸ்ட் 15ம் தேதி. செப்டம்பர் ஆரம்பத்துல சரடோகால பழைய கடைக்காரங்க ரெண்டு பேர் கைக்கு போய், அங்கருந்து பொண்டாட்டிக்கு, அந்தம்மா அத எடுத்துக்கிட்டு அதே வக்கீல்கிட்ட ஓடிருக்கு. கடத்திட்டுப் போன நம்ம ஆள மீட்டுக் கொண்டுவரணும்னு நியூயார்க்ல 1840லயே ஒரு சட்டம் இருந்துச்சு, அத வச்சு கவர்னர்கிட்ட உத்தரவு வாங்கிட்டு வக்கீல் கெளம்பிட்டாரு.

இங்க தான் உன் டிபார்ட்மெண்ட். லெட்டர்ல முதலாளி பேரு இல்ல. பிளாட்ங்கிற புதுப் பேரும் இல்ல. எழுதிக் குடுத்தவர் பேரும் இல்ல, மாட்டுனா அவர் உசுருக்கே ஆபத்துன்னு. உள்ள பயூ பஃப்னு ஒரு ஓடையோட பேரு மட்டும் இருக்கு, அது மார்க்ஸ்வில்ல இருந்து கிட்ட எடமே இருபத்து மூணு மைலு, அங்கருந்து நீளமா போகுது, ரெண்டு கரையிலயும் தோட்டங்க, எத்தன நூறு அடிமைங்களோ. கவர் மேல இருந்த மார்க்ஸ்வில் சீல் ஒண்ணு தான் துப்பு. அத வச்சு அந்த ஊருக்குப் போயி விசாரிச்சா, சாலமன் நார்த்தப்பா, அப்படி யாரையும் தெரியாதேங்கிறாங்க. தோட்டம் தோட்டமா தேடலாம்னு முடிவு பண்ணிட்டு, உள்ளூர் வக்கீல் வேடில்கிட்ட சும்மா அரசியல் பேசிக்கிட்டு இருந்தப்ப அடிமைமுறைய எதிர்க்குற ஆளு இங்க யாராச்சும் இருக்காங்களான்னு பேச்சு வந்துருக்கு, அந்தாளு சிரிச்சுக்கிட்டே ஒரே ஒருத்தன் இருக்கான், பாஸ்னு ஒரு கிறுக்கன்னு சொல்லிருக்காரு. சொன்ன உடனே ரெண்டு பேருக்கும் பொறி தட்டிருச்சு. மறுநாள் பாஸ் ஊர விட்டுக் கெளம்புறதுக்கு முன்னாடி படகுத்துறையில போய் புடிச்சாங்க, சாலமன் எங்க இருக்காருன்னு அவர் சொல்லிட்டாரு.

1853 ஜனவரில சாலமன் வெளிய வந்தாரு. வீட்டுக்கு வந்தா, ஏழு வயசுல விட்டுட்டுப் போன பொண்ணு மார்கரெட்டுக்கு அப்பாவ அடையாளம் தெரியல. அந்தப் பொண்ணுக்கே ஒரு பையன் பொறந்து, அவனுக்கு தாத்தா பேர வச்சிருந்தாங்க. படத்துல சாலமனா நடிச்ச சிவெட்டெல் எஜியோஃபோர் வாசல்ல நின்னு, ஏதோ இவர் தப்பு பண்ண மாதிரி, எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேப்பாரு. அந்த மனுஷனோட கண்ணு இன்னும் என்ன விட்டுப் போகல.

வாஷிங்டன்ல அவர வித்த வியாபாரி மேல கேஸ் போட்டாங்க. கறுப்பர்ங்கிறதால இவர் சாட்சி சொல்லக் கூடாதுன்னுட்டாங்க, அவன் வெளிய வந்துட்டான். கடத்துன ரெண்டு பேரயும் அப்புறமா புடிச்சாங்க, அந்த கேஸும் இழுத்து இழுத்துக் கடைசில விட்டுட்டாங்க. சாலமன் எப்ப செத்தாரு, எங்க பொதைச்சாங்கன்னு யாருக்குமே தெரியாது.

போன ஞாயித்துக்கெழம பையன்கிட்ட சொல்லி அந்த சரடோகா ஸ்ப்ரிங்ஸ் போனோம், காருல அரை மணி நேரம் தான். அங்க பூமிக்கடில இருந்து நுரை பொங்க தண்ணி வருது, நம்ம கோலி சோடால உப்பு போட்ட மாதிரி இருக்கு, பேரன் ஒரு வாய் குடிச்சுட்டுத் துப்பிட்டான். காங்கிரஸ் தெருவும் பிராட்வேயும் சேர்ற முக்குல தான் அந்த ரெண்டு பேர அவரு மொத தடவ பாத்தது. இப்ப அங்க சிக்னல், கடைங்க, காபி வாசனை. நான் கொஞ்ச நேரம் சும்மா நின்னேன், குளுருதுப்பா வாங்கன்னு பையன் கூப்பிட்டான்.

வர்ற வழில ஒரு போஸ்ட் ஆபீஸ்ல நிறுத்தச் சொல்லி உனக்கு ஒரு பிக்சர் கார்டு வாங்கிப் போட்டுருக்கேன். மெயில்ல தான் இவ்வளவு எழுதுறீங்களே, அது எதுக்குன்னு மருமக கேட்டுச்சு. பின்கோடு கடைசி நம்பர் 4ஆ 9ஆன்னு கொழப்பம், 9ன்னு எழுதிட்டேன், தப்பா இருந்தாலும் உங்க ஆளுங்க உன் பேர பாத்தே கொண்டாந்து குடுத்துருவாங்க தான? வந்ததும் மேல என்ன சீல் அடிச்சிருக்கு, என்ன தேதின்னு பாத்து எனக்கு எழுது. கண் கட்டு பிரிச்சதுக்கு அப்புறம்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்
மாப்ள