மலர்ப்பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஓசூரைச் சுற்றியுள்ள தளி, பாகலூர், பேரிகை, கெலமங்கலம் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். உறுப்பினர் சேர்க்கை, கிளைக் கூட்டங்கள் பற்றிய விவரங்கள் உங்கள் கையில் உள்ள தாளில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பப் படித்து நேரத்தைச் செலவிட நான் விரும்பவில்லை. இந்த ஆண்டு நாம் முன்வைத்த முக்கியக் கோரிக்கை ஒன்றுதான்: பூச்சிமருந்து அடித்த பாலிஹவுஸுக்குள், அதாவது பிளாஸ்டிக் தாள் போர்த்திய பயிர்க்கூடத்துக்குள், ஆட்கள் மறுபடி எப்போது நுழையலாம் என்பதை எழுதி வாசலில் மாட்ட வேண்டும். என் அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

திறந்த வயலில் அடித்த மருந்தைக் காற்று கொஞ்சமாவது கொண்டுபோகும். நாலாபுறமும் தாள் போர்த்திய பாலிஹவுஸில் அது உள்ளேயே நிற்கிறது. பக்கத் திரைகளை இறக்கிவிட்டால் வெப்பம் ஏறுகிறது, வியர்வை கொட்டுகிறது, நனைந்த தோல் வழியாக மருந்து இன்னும் எளிதாக உடம்புக்குள் போகிறது. சாம்பல் நோய்க்காக இரவில் கந்தகத்தை ஆவியாக்குகிறார்கள். காலையில் கதவைத் திறந்து முதலில் உள்ளே போகிறவர்கள் பூ வெட்டும் பெண்கள். மருந்து அடிக்கிறவருக்காவது ஒரு முகமூடி கிடைக்கலாம். இலையை விலக்கி, தண்டைப் பிடித்து, ஒரு நாளில் பல நூறு பூக்களை வெட்டும் பெண்ணுக்குப் பல பண்ணைகளில் ஒரு நல்ல கையுறைகூட இல்லை. மருந்தைத் தொட்டவர் என்று அவரை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

ரோஜாவுக்கு ஏன் இத்தனை மருந்து என்று புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்கள் கேட்கிறார்கள். காய்கறியிலும் பழத்திலும் எவ்வளவு மருந்து எச்சம் இருக்கலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. ரோஜாவை யாரும் உண்பதில்லை, ஆகவே அந்த வரம்பு அதற்கு இல்லை. மறுபுறம், ஏற்றுமதிப் பெட்டியில் உயிருள்ள செஞ்சிலந்தியோ இலைப்பேனோ தென்பட்டால் சரக்கு மறுக்கப்படலாம் என்ற அச்சம் பண்ணைக்காரருக்கு எப்போதும் உண்டு. பூச்சி இருக்கவே கூடாது, மருந்து எவ்வளவும் இருக்கலாம்: இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் நாம்.

சென்ற ஜனவரியில் ஒரு பண்ணையில் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். மருந்து அடித்த சிறிது நேரத்திலேயே பூ வெட்ட அனுப்பப்பட்ட நம் சகோதரிகள் சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்தன. பார்வை மங்கியது. மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து அடித்தார்கள்?” என்பது. உடன் போன யாருக்கும் தெரியவில்லை. சூப்பர்வைசருக்குத் தொலைபேசியில் கேட்டால், “சிலந்தி மருந்துதான்” என்ற பதில் மட்டும் வந்தது. பாஸ்பரஸ் வகை மருந்தாக இருந்தால் அதற்கு அட்ரோபின் ஊசி உண்டு, வேறு வகைகளுக்கு வேறு சிகிச்சை. முறிமருந்தின் பெயர் மருந்துடன் வரும் சீட்டிலேயே அச்சாகி வருகிறது. அந்தச் சீட்டு பண்ணையில் ஒரு பூட்டிய அறைக்குள் கிடந்தது. அவர்கள் குணமடைந்து வேலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத் தவிப்பை நான் மறக்கமாட்டேன், சங்கமும் மறக்கக் கூடாது.

அதற்குப் பிறகுதான் வாசல் பலகைக் கோரிக்கை உறுதியான வடிவம் பெற்றது. பலகையில் மூன்று விவரங்கள் போதும்: மருந்தின் பெயர், அடித்த நேரம், நுழையலாம் என்கிற நேரம். அமெரிக்காவில் பண்ணைத் தொழிலாளர்களுக்கான விதி, மருந்தின் நச்சுத்தன்மையைப் பொறுத்துப் பொதுவாக 12, 24, 48 மணி நேரம் என்று இடைவெளியை வகுத்திருக்கிறது. அந்த அளவை நாம் பேச்சுவார்த்தை மேசையில் வைத்தோம். சில பண்ணைகள் பலகையை மாட்டிவிட்டன, அவர்களுக்கு நன்றி. சில பண்ணைகள், பார்க்க வரும் வாங்குபவர்கள் பயந்துவிடுவார்கள் என்று மறுக்கின்றன. பலகையைப் பார்த்துப் பயப்படும் வாங்குபவர், பலகை இல்லாத வாசல் வழியாக உள்ளே போகும் பெண்ணையும் நினைத்துப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வந்த 1971ஆம் ஆண்டு விதிகள், மருந்து கையாள்பவர்களுக்குப் பாதுகாப்பு உடையும் சுவாசக் கவசமும் பயிற்சியும் தரச் சொல்கின்றன. தெளிப்பவர்களுக்கு வேலைக்கு முன்பும், பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளிலும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன. பாஸ்பரஸ் வகை மருந்து கையாள்பவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற, நரம்புகள் இயங்கத் தேவையான நொதியின் அளவைப் பார்ப்பதும் அதில் அடங்கும். இந்தப் பரிசோதனை நடந்த பண்ணை ஒன்றுகூட நம் உறுப்பினர்கள் அறிய இல்லை. போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் ஆகிய பூச்சிக்கொல்லிகள் 2020 இறுதியோடு தடை செய்யப்பட்டன. சிலந்திக்கு அடித்துவந்த டைகோபால் 2023இல் தடைப் பட்டியலில் சேர்ந்தது. பழைய இருப்பு எங்காவது கண்ணில் பட்டால் கிளைச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள். டப்பாவின் முக்கோணத்தில் சிவப்பு கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்ற வரிசையை எல்லோரும் மனத்தில் நிறுத்த வேண்டும். எழுத்து தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வட்டாரத்தில் எல்லாப் பண்ணையும் பெருநிறுவனம் அல்ல. மானியத்தோடு கடனும் வாங்கி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் பாலிஹவுஸ் போட்ட விவசாயிகள் ஏராளம். அவர்களே தோளில் மருந்து இயந்திரத்தை மாட்டி அடிக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களே பூ வெட்டுகிறார்கள். அவர்களை எதிராளியாக நினைத்து எந்தக் கிளையும் பேசக் கூடாது. பயிற்சி முகாம்களுக்கு அவர்களையும் அழைத்தோம், வரும் ஆண்டும் அழைப்போம்.

இனி பிப்ரவரி. காதலர் தினச் சந்தைக்காக டிசம்பரில் செடியைக் கவாத்து செய்துவிட்டு, ஜனவரி கடைசியிலிருந்து தாஜ்மகால் என்ற சிவப்பு ரோஜா ரகத்தை அறுக்கும் அந்த வாரங்களில் வேலை நேரத்துக்கு எல்லையே இருப்பதில்லை. பாலிஹவுஸ் வெப்பத்திலிருந்து நேராகக் கோல்டு ரூமுக்குப் போய், தண்டின் நீளம் பார்த்துப் பிரித்து, 20 பூவாகக் கட்டி, இரவு வண்டி கிளம்பும்வரை நிற்கிறார்கள். மருந்து அடிப்பதற்கும் நுழைவதற்கும் இடையிலான நேரம் மிகவும் சுருங்குவதும் அப்போதுதான். கொலம்பியாவின் பூத்தொழிலாளர்கள் பிப்ரவரி 14ஐத் தங்கள் உரிமை நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். நாமும் இந்த ஆண்டு அந்த நாளில் வாயிற்கூட்டம் நடத்தினோம்.

பேக்கிங் ஷெட் பற்றி ஒரு சட்ட நுணுக்கம். நாம் விவசாயத் தொழிலாளர்கள் என்று காரணம் காட்டி இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு இல்லை, மிகைநேர ஊதியம் இல்லை என்கிறார்கள். தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கென்று வந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் பூவுக்கு இடம் இருக்கவில்லை. ஆனால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், குளிர்பதனக் கிடங்கில் பொருளைச் சேமிப்பதையும் உற்பத்தி வேலை என்றே சொல்லியது. அதன்படி மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலையாக இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய புதிய தொகுப்புச் சட்டம் இந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. சிறிய ஷெட்டுகளில் நிற்கும் பெண்களுக்கு இது இழப்பு, இதை நாம் எதிர்க்கிறோம். அதே சட்டம் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்குகிறது. அதையாவது ஒவ்வொருவரும் கேட்டு வாங்க வேண்டும். வேலை செய்ததற்கே சான்று இல்லாமல் இழப்பீட்டு மனு போட நாம் படும் பாடு கொஞ்சமல்ல.

ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்து பண்ணைக்குள்ளேயே குடியிருக்கும் குடும்பங்கள் கூடிவருகின்றன. சில இடங்களில் மருந்து அறைச் சுவரை ஒட்டியே அவர்களின் அடுப்பு எரிகிறது. காலி டப்பாவில் தண்ணீர் பிடிப்பதைக் கண்டு நம் உறுப்பினர்கள் தடுத்திருக்கிறார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கோடு இந்தியிலும் ஒடியாவிலும் படம் போட்ட துண்டறிக்கை தயாராகிறது. அவர்களும் சங்கத்துக்குள் வர வேண்டும்.

முள் குத்துவதைச் சிறு விஷயமாக விடாதீர்கள். முள் வழியாக ஒரு வகைப் பூஞ்சை நுழைந்து, கையில் வரிசையாகக் கட்டிகள் எழும் நோய் உண்டு. டெட்டனஸ் ஊசியை எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள். சரக்கு வண்டியில் ஆட்களை நிறுத்தி ஏற்றிச் செல்வது பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்க் குழு வேண்டும். பெரும்பாலான பண்ணைகளில் அது இல்லை. ஆண், பெண் கூலி வேறுபாடும் தொடர்கிறது.

சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 1921ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 1923லேயே ஏற்றது. நூறாண்டு கடந்த உரிமைக்காக அவர்கள் கூலியை இழந்து நிற்கிறார்கள். அவர்களின் வழக்குச் செலவை முழுவதும் சங்கமே ஏற்க வேண்டும் என்பது செயற்குழுவின் பரிந்துரை, என் வேண்டுகோளும் அதுவே.

வாக்கெடுப்புக்கு மூன்று தீர்மானங்கள் வருகின்றன: எல்லாப் பண்ணைகளிலும் வாசல் பலகை கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு, தெளிப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் கேட்டுச் சுகாதாரத் துறைக்கு மனு, மேற்சொன்ன வழக்கு நிதி. பலகைகளைக் கண்காணிக்க ஒவ்வொரு கிளையிலிருந்தும் பூ வெட்டும் பெண்கள் இருவரின் பெயர் வேண்டும். கூட்டம் முடிவதற்குள் மேசையில் பதிவு செய்யுங்கள். இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்