அம்மாவுக்கு எழுதிக் காட்டிய தங்கைக்கு

போன மாதம் சென்னையில் எழுத்தாளர் அம்பை பேசிய கூட்டத்தில், எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவிக்கு இந்த நன்றி. கூட்டம் கலைந்த நெரிசலில் உங்கள் பெயர்கூடக் கேட்க முடியவில்லை.

அம்மாவுக்குக் காது மந்தம். மைக்கில் பேசினால் சத்தம் கேட்கும், சொற்கள் பிரியாது. ஆனால் அம்பையை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. சமையலறைக்குள் கழியும் பெண்களின் வாழ்க்கையை அம்பை எழுதிய விதம் அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும். நான் காதோரம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, "இருங்கக்கா, நான் எழுதிக் காட்டுறேன்" என்று நோட்டைத் திறந்தீர்கள். கடைசி வரை எழுதினீர்கள், பெரிய பெரிய எழுத்தில், அம்மா படிக்கும் வேகத்துக்குப் பொறுமையாக. அரங்கம் சிரித்தபோதெல்லாம் அம்மாவும் கொஞ்சம் தள்ளிச் சிரித்தார். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1988ல் மும்பையில் ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகத்தைத் தொடங்கிப் பெண்களின் குரல்களையும் புகைப்படங்களையும் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்தவர்களில் அம்பை ஒருவர். 2021க்கான சாகித்திய அகாதமி விருதைவிட அந்தப் பணிதான் எனக்குப் பெரிது. வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றி அம்மாவிடம் விரிவாகச் சொன்னேன். அப்புறம் பாட்டி பாடிய தாலாட்டுகளைச் சொல்லி, என்னை எழுதச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

நீங்கள் கிழித்துக் கொடுத்த தாள்களோடு உங்கள் வகுப்புக் குறிப்பு ஒன்றும் வந்துவிட்டது. தேவையென்றால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன். ரொம்ப நன்றிம்மா.