தோல்விக்கு அணித்தலைவன் மட்டுமா பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் திருகோணமலையில் நடந்த பாடசாலை உதைபந்தாட்டப் போட்டியொன்றின் கடைசி நிமிடங்களில், மூலை உதையை உயர்த்தி அடிக்காமல் பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிவிடும்படி பயிற்றுவிப்பாளர் கோட்டுக்கு வெளியே நின்று கைகாட்ட, அணித்தலைவனும் அவ்வாறே செய்தான். பந்து பறிபோய், எதிரணி வெற்றிக் கோலைப் போட்டது. பின்னர் பெற்றோர் முன்னிலையில் ஏச்சு வாங்கியவன் அந்தப் பையன் மட்டுமே.

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் (பெயரில்தான் உதை, பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும்) இந்தப் பொறுப்பை ஓரளவு பிரித்துப் பார்க்க முடிகிறது. அங்கே அடுத்த நகர்வு என்னவென்பதைப் பயிற்றுவிப்பாளர் தரப்பு, குவாட்டர்பேக்கின் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை வீசும் வீரர்) தலைக்கவசத்திலுள்ள சிறு ஒலிபெருக்கி வழியே சொல்லும். ஆனால் நகர்வைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 வினாடிகள் எஞ்சியதும் அத்தொடர்பு துண்டிக்கப்படும். அதன்பின் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து நகர்வை மாற்றலாமா என்பது, பயிற்றுவிப்பாளர் முன்கூட்டியே எவ்வளவு சுதந்திரம் கொடுத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

2015 பெப்ரவரி 1ஆம் திகதி நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில், சியாட்டில் அணி வெற்றிக்கு ஒரே ஒரு கஜ தூரத்தில் நின்றது. பந்தை ஏந்தி ஓடுவதில் முரட்டு வீரரான மார்ஷான் லிஞ்ச் இருந்தும் பந்தை வீசும்படி கட்டளை வந்தது. வீச்சு தவறித் தரையில் விழுந்தால் ஆட்டக் கடிகாரம் நின்று இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும் என்ற கணக்கு அதில் இருந்ததால், அதை வெறும் முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். சியாட்டிலின் குவாட்டர்பேக் ரஸல் வில்சன் வீசிய பந்தை எதிரணியான நியூ இங்கிலாந்தின் மல்கம் பட்லர் பறித்தார். அதே நகர்வைப் பயிற்சியில் எதிர்கொண்டிருந்ததால் அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். 28–24 என்ற கணக்கில் சியாட்டில் தோற்றது. தலைமைப் பயிற்றுவிப்பாளர் பீட் கரோல் தீர்மானத்தின் பழியைப் பகிரங்கமாகத் தன்மேல் ஏற்றார். பந்தை வாங்கவேண்டியவர் இன்னும் உறுதியாக முயன்றிருக்கலாம் என்று தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான டாரல் பெவெல் கூறியதோ எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

வீசிய கை வில்சனுடையது, ஆகவே அவருக்கும் பங்குண்டு. ஆனால் அவர் அனுபவமுள்ள, ஊதியம் பெறும் வீரர். எமது பையனுக்குக் கட்டளையை மறுக்கும் உரிமையை எவராவது கொடுத்திருந்தார்களா? கொடுத்திருந்தால் பாதிப் பழி அவனுடையது; இல்லையெனில் ஏச்சு கோட்டுக்கு வெளியே நின்றவருக்கே உரியது. கைகாட்டலைக் கண்டதும் அவன் எதிரணியின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தயங்கியதை நான் கண்டேன்.

இப்படிக்கு,
பழைய விளையாட்டு வீரர் ஒருவர்,
திருகோணமலை.